லினக்ஸில் காசு கொடுத்து வாங்கிய படத்தைப் பார்ப்பது எப்படி: பிரவுசர் முதல் டிவிடி வரை

யூடியூபில் ஒரு படத்தை வாடகைக்கு எடுக்கிறீர்கள். பணம் போய்விட்டதாக எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது. பிளே அழுத்தினால் கறுப்புத் திரை. இல்லையென்றால் படம் ஓடுகிறது, ஆனால் எச்டிக்குக் காசு கட்டியும் எழுத்தெல்லாம் கலங்கிக் கிடக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே பழகிய தொல்லை. முதல் தொல்லையைப் பத்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். இரண்டாவது உங்கள் கணினியில் தீரவே தீராது, சுற்றுவழிதான் உண்டு. எது எந்த வகை என்று தெரியாமல் ராத்திரி முழுக்க டெர்மினலில் கட்டளைகளை ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அதனால் பூட்டு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

பூட்டும் சாவியும்

விற்பனைக்கு வரும் வீடியோ சர்வரிலிருந்து கிளம்பும்போதே குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் வருகிறது. அதைத் திறக்கும் சாவியை உங்களிடம் தர மாட்டார்கள். பிரவுசருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு மூடிய நிரலிடம்தான் தருவார்கள். இந்தப் பூட்டு ஏற்பாட்டுக்கு டிஆர்எம் என்று பெயர். அப்படிப்பட்ட நிரல்களில் மூன்று பெரியவை: கூகுளின் வைட்வைன், மைக்ரோசாப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே. சாதாரண லினக்ஸ் கணினிக்குக் கிடைப்பது வைட்வைன் மட்டும்.

இந்த ஏற்பாட்டை இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பரில் அங்கீகரித்தபோது பெரிய சண்டை நடந்தது. அதை எதிர்த்து இஎஃப்எஃப் என்ற உரிமை அமைப்பு டபிள்யூ3சியை விட்டே வெளியேறியது. கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையில் லினக்ஸ்காரர்களுக்கு இதனால் லாபம்தான். இந்த ஏற்பாடு பிரவுசருக்குள் வருவதற்கு முன்னால், மைக்ரோசாப்டின் சில்வர்லைட் என்ற செருகுநிரலை நம்பியிருந்த காலத்தில், 2013-இல் வந்த பைப்லைட் என்ற ஒட்டுவேலையை வைத்து, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக அந்தச் செருகுநிரலை ஓட்டி நெட்ஃபிளிக்ஸ் பார்த்தார்கள். அங்கீகாரம் கிடைக்கும் முன்பே, 2014 அக்டோபரில் குரோம் இருந்தால் போதும் என்றானது. 2016 செப்டம்பரில் வந்த பயர்பாக்ஸ் 49 லினக்ஸிலும் வைட்வைனைக் கொண்டுவந்தது.

வைட்வைனில் படிநிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் படத்தைப் பிரிப்பதும் (டீகோட்) சிப்பில் உள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே நடக்கும். இயங்குதளத்தால்கூட எட்டிப் பார்க்க முடியாது. எல்3 என்றால் எல்லாம் மென்பொருளிலேயே நடக்கும். நம் டெஸ்க்டாப் லினக்ஸுக்குக் கிடைப்பது எல்3. இயங்குதளத்தின் கருவான கெர்னலையும் டிரைவரையும் யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் லினக்ஸின் பெருமை. படத் தயாரிப்பு நிறுவனங்களுக்குப் பயமும் அதுதான். இத்தனைக்கும் உங்கள் ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது. அங்கே தயாரிப்பாளர் சிப்பிலிருந்து திரை வரை பூட்டி வைத்திருப்பதால் அதே படம் பளிச்சென்று வரும்.

எல்3 சாதனத்துக்கு எவ்வளவு தெளிவு தரலாம் என்பதை ஒவ்வொரு சேவையும் தானே முடிவு செய்கிறது. சில 720பி வரை தரும், சில 480பி-யோடு நிறுத்திவிடும். 4கே கிடைக்கவே கிடைக்காது. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினாலும் சரி, இன்டர்நெட் பிளானை உயர்த்தினாலும் சரி, இதில் ஒரு மாற்றமும் வராது.

முதலில் இயந்திரத்தைப் பாருங்கள்

64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினி என்றால் கவலை இல்லை. 32 பிட் லினக்ஸுக்கான குரோமை கூகுள் 2016-லேயே நிறுத்திவிட்டது. அதனால் பழைய 32 பிட் இயந்திரத்தில் இந்த வேலைக்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். இன்னும் பல வீடுகளில் அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. அன்று வந்த லினக்ஸையே வைத்துக்கொண்டு படம் பார்க்க நினைத்தால் நடக்காது. பழைய வைட்வைன் பதிப்புகளை கூகுள் அவ்வப்போது செல்லாததாக்கிவிடும். பழைய பிரவுசருக்குப் புதியது வந்து சேராது. ஆகவே லினக்ஸ் மின்ட் மாதிரி ஏதாவது ஒன்றின் புதிய பதிப்பைப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ராஸ்பெர்ரி பை வைத்திருந்தால், ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே வைட்வைனுக்கென்று தனிப் பொதி (பேக்கேஜ்) இருக்கிறது. அதைப் போட்டால் குரோமின் திறந்த மூல உறவினரான குரோமியத்தில் வேலை செய்யும். ஆல்பைன் லினக்ஸ் போல மசல் என்ற அடிப்படை நூலகத்தை நம்பி இயங்குபவற்றில் வைட்வைன் நேரடியாக ஓடாது, ஏனென்றால் அது மற்ற லினக்ஸ்களில் இருக்கும் ஜிலிப்சி நூலகத்துக்காகக் கட்டப்பட்டது. அங்கே பயர்பாக்ஸை, தேவையான நூலகங்களைக் கூடவே கொண்டுவரும் ஃபிளாட்பேக் பொதியாகப் போட்டுக்கொள்வதுதான் சுலபம்.

பயர்பாக்ஸில்

பெரும்பாலானோரிடம் ஏற்கெனவே இருப்பது இதுதான் என்பதால் இங்கிருந்தே தொடங்குங்கள்.

1. வலது மேல் மூலையில் உள்ள மூன்று கோடு மெனுவில் செட்டிங்ஸ் போய், ஜெனரல் பக்கத்தில் கீழே இறங்குங்கள். டிஆர்எம் என்ற தலைப்பு இருக்கும். அதன் கீழே உள்ள 'பிளே டிஆர்எம் கன்ட்ரோல்டு கன்டென்ட்' கட்டத்தில் டிக் போடுங்கள்.

2. அதே மெனுவில் ஆட்-ஆன்ஸ் அண்ட் தீம்ஸ் போய், இடது பக்கம் பிளகின்ஸை அழுத்துங்கள். பட்டியலில் வைட்வைன் தெரிய வேண்டும். 'விரைவில் நிறுவப்படும்' என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் பின்னணியில் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சில நிமிடம் விட்டுவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள்.

3. அப்படியும் வரவில்லையா? முதல் படியில் போட்ட டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்தாலே பயர்பாக்ஸ் இறக்கி வைத்ததை அழித்துவிடும். பிரவுசரை மூடித் திறந்து மறுபடி டிக் போட்டால் புதிதாக இறக்கும். பாதியில் அறுந்துபோன டவுன்லோடுக்கு இதுவே மருந்து.

டிஆர்எம் என்ற தலைப்பே செட்டிங்ஸில் இல்லையென்றால், அந்த பயர்பாக்ஸைக் கட்டியவர்கள் வேண்டுமென்றே எடுத்திருப்பார்கள். லிப்ரேவுல்ஃப் போன்ற தனியுரிமைப் பிரவுசர்களில் வசதி இருந்தாலும் அணைத்தே வைத்திருப்பார்கள்.

அலுவலகக் கணினியில் மட்டும் வரும் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். வைட்வைன் கோப்பு உங்கள் ஹோம் கோப்புறைக்குள்தான் இறங்குகிறது. பாதுகாப்புக்காக ஹோம் பகுதியிலிருந்து எந்த நிரலையும் இயக்கக் கூடாது என்று நிர்வாகி அமைத்திருந்தால், கோப்பு இறங்கியிருக்கும், டிக்கும் இருக்கும், ஆனால் படம் மட்டும் ஓடாது. அங்கே குரோம்தான் வழி. அது வைட்வைனைத் தன் நிறுவல் கோப்புறைக்குள்ளேயே கொண்டுவருகிறது.

குரோமும் அதன் உறவினர்களும்

குரோமில் நீங்கள் செய்ய எதுவுமே இல்லை. உபுண்டு, மின்ட், டெபியன் என்றால் கூகுளின் தளத்திலிருந்து டெப் கோப்பை இறக்கி, இரட்டைச் சொடுக்கிட்டு நிறுவினால் வைட்வைனோடு வந்துவிடும். ஃபெடோரா, ஓப்பன்சூசே என்றால் ஆர்பிஎம் கோப்பு. மைக்ரோசாப்டின் எட்ஜ் பிரவுசருக்கும், லினக்ஸ் பதிப்பில், அப்படியே.

பலர் சறுக்குவது குரோமியத்தில். பெயரும் ஐகானும் குரோம் போலவே இருக்கும். ஆனால் அது திறந்த மூலம், வைட்வைன் மூடிய நிரல். இரண்டையும் சேர்த்துத் தர மாட்டார்கள். 'என்னிடம் குரோம் இருக்கிறதே, ஏன் ஓடவில்லை' என்று கேட்பவரிடம் ஐகானின் நிறத்தைக் கேட்டாலே பாதிக் கதை தெரிந்துவிடும். முழுக்க நீலமாக இருந்தால் குரோமியம்.

பிரேவ் பிரவுசர் முதல் தடவை வைட்வைனை நிறுவலாமா என்று கேட்கும். சம்மதித்துவிட்டு, லினக்ஸாக இருந்தால் பிரவுசரை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும். பக்கத்தை ரீலோட் செய்தால் மட்டும் போதாது. வைட்வைனின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்க்க, முகவரிப் பட்டியில் குரோம், கோலன், இரண்டு சாய்கோடு, காம்போனன்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் பட்டியலில் வைட்வைனுக்குக் கீழே புதுப்பிப்பு பொத்தான் இருக்கும்.

காசு கட்டும் முன் சோதனை

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், எனக்கோ மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியமாகப் படுகிறது. டிரெய்லர் எச்டியில் ஓடுவதைப் பார்த்து நம்பாதீர்கள். டிரெய்லருக்குப் பூட்டு கிடையாது. அது எங்கும் எந்தத் தெளிவிலும் ஓடும்.

பூட்டிய வீடியோவை இலவசமாகச் சோதிக்க பிட்மூவின் நிறுவனத்தின் டிஆர்எம் மாதிரிப் பக்கம் இருக்கிறது. திறந்தால் உங்கள் பிரவுசரில் எந்தப் பூட்டு முறை வேலை செய்கிறது என்று சொல்லி, ஒரு மாதிரிப் படத்தையும் ஓட்டிக்காட்டும். அது ஓடினால் உங்கள் பக்கம் எல்லாம் சரி. இனி வருவது சேவையின் கட்டுப்பாடுதான்.

தெளிவு எவ்வளவு வருகிறது என்று பார்க்க, யூடியூபில் வீடியோ மீது வலது சொடுக்கிட்டு 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' எடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் படம் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், டி நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரையில் புள்ளிவிவரம் கொட்டும். அதில் உயரம் 480 என்று நின்றால் அதுதான் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது. படம் தொடங்கிச் சில நொடி மங்கலாக இருந்து பிறகு தெளிவது வேறு விஷயம். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

இதன் பிறகு என் பரிந்துரை இதுதான்: லினக்ஸ் பிரவுசரில் மட்டுமே பார்ப்பதாக இருந்தால் எஸ்டி விலையைக் கட்டுங்கள். யூடியூபில் எஸ்டிக்கும் எச்டிக்கும் தனித்தனி விலை காட்டும் படங்கள் உண்டு. வராத தெளிவுக்கு எதற்குக் கூடுதல் காசு? இந்தியாவில் பிரைம் வீடியோ 2022 ஏப்ரலில் தொடங்கிய வாடகைக் கடைக்கும் இதே யோசனைதான்: முதலில் சந்தாவில் இருக்கும் ஏதாவது ஒரு படத்தை ஓட்டிப் பார்த்து, உங்கள் பிரவுசருக்கு என்ன தெளிவு வருகிறது என்று தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள். வாடகைப் படத்தைப் பொதுவாக 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கிய பின் 48 மணி நேரம்தான். அதனால் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று வெள்ளிக்கிழமை மதியம் ஒரு நொடி ஓட்டிவிட்டு, ஞாயிறு சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார்ந்தீர்கள் என்றால் கெடு முடிந்திருக்கும்.

முன்பு கூகுள் பிளே மூவீஸில் வாங்கிய படங்களைத் தேடுகிறீர்களா? அந்த ஆப்பை 2024 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அதே கணக்கில் யூடியூபுக்குள் போனால் வாங்கியவை அங்கே இருக்கும்.

ஓடாதபோது

எங்கே தடுக்கிறது என்பதைப் பிழைச் செய்தியே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பாகம் காணவில்லை என்ற பொருளில் நெட்ஃபிளிக்ஸ் எஃப்7701-1003 காட்டினால் பயர்பாக்ஸில் வைட்வைன் இறங்கவில்லை. மேலே மூன்றாம் படிக்குப் போங்கள். 'இந்த இயங்குதளத்துக்கு ஆதரவில்லை' என்று வந்தால் சேவையே லினக்ஸைத் தடுக்கிறது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது லினக்ஸில் பிழை 83 என்று மட்டும் காட்டியது நினைவிருக்கலாம். அப்போது பயனர் பக்கம் எந்தக் குறையும் இல்லை. பின்னால் அவர்களாகவே திறந்துவிட்டார்கள்.

பிரவுசர் தன்னை விண்டோஸ் என்று சொல்லிக்கொள்ளும்படி மாற்றும் நீட்சிகள் உண்டு. வெறும் பெயரைப் பார்த்துத் தடுக்கும் தளத்தில் அது உதவும். எல்3-ஐ எல்1 ஆக்காது. யாராவது அப்படிச் சொல்லி நீட்சி விற்றால் நம்பாதீர்கள்.

கணினிக் கடிகாரத்தையும் ஒரு தடவை பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன பழைய லேப்டாப் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் எந்த உரிமமும் செல்லாது.

படம் ஓடுகிறது, ஆனால் திக்குகிறது, விசிறி இரைகிறது என்றால் காரணம் வேறு. பூட்டிய வீடியோவை லினக்ஸ் பிரவுசரில் வைட்வைனே பிராசசரை வைத்துப் பிரிக்கிறது. கிராபிக்ஸ் சிப்பின் உதவி கிடைப்பதில்லை. சாதாரண யூடியூப் வீடியோ அதே லேப்டாப்பில் சுகமாக ஓடுவது அதனால்தான். மற்ற டேப்களை மூடுங்கள், தெளிவை ஒரு படி குறையுங்கள். வேறு மந்திரம் இல்லை.

எச்டிக்குச் சுற்றுவழி

வாங்கிய உரிமை உங்கள் கணக்கோடு ஒட்டியது, கணினியோடு அல்ல. டிவியிலோ போனிலோ அதே கணக்கில் நுழைந்தால் முழுத் தெளிவில் பார்க்கலாம். வாங்கும் வேலையை லினக்ஸில் செய்துவிட்டுப் பார்ப்பதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் குரோம்காஸ்ட் இருந்தால் இன்னும் நல்லது. லினக்ஸில் குரோமில் யூடியூபைத் திறந்து, வீடியோவிலேயே இருக்கும் காஸ்ட் ஐகானை அழுத்துங்கள். அப்போது படம் உங்கள் கணினி வழியாகப் போவதில்லை. குரோம்காஸ்டே சர்வரிலிருந்து நேராக எடுத்துத் தன் சிப்பில் திறக்கிறது. உங்கள் லினக்ஸ் வெறும் ரிமோட்டாக நிற்கிறது. பிரவுசர் மெனுவில் உள்ள 'டேபை அனுப்பு' முறை இது அல்ல. அது கணினியில் திறந்த மங்கல் படத்தையே அனுப்பும். எச்டிஎம்ஐ கேபிளில் லேப்டாப்பை டிவியோடு இணைத்தாலும் அதே மங்கல்தான்.

ஆஃப்லைனுக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை லினக்ஸில் எதிர்பார்க்க வேண்டாம். அது அந்தந்த சேவையின் ஆப்களில்தான் உண்டு, லினக்ஸுக்கு அப்படி ஆப் தருபவர்கள் அரிது. ஐடியூன்ஸில் இறக்கிய பூட்டிய எம்4வி கோப்பு கைவசம் இருந்தாலும் அப்படித்தான். விஎல்சி பிளேயரில் திறக்காது, ஃபேர்பிளேயின் சாவி லினக்ஸுக்கு வருவதில்லை.

அலமாரியில் இருக்கும் டிவிடிகள்

இங்கே நிலைமை தலைகீழ். லினக்ஸில் முழுத் தெளிவில், இணையமே இல்லாமல் ஓடும்.

டிவிடியின் பூட்டுக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். வெறும் 40 பிட் சாவி. 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற நிரல் வெளியாகி அதை உடைத்தது. அதில் பங்கெடுத்த நார்வே சிறுவன் ஜான் லெக் ஜோஹான்சனுக்கு அப்போது 15 வயது. தான் காசு கொடுத்து வாங்கிய டிவிடியை லினக்ஸில் பார்ப்பதற்காக என்பதே அவர் தரப்பு வாதம். 2003-இல் கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவரை விடுவித்தன. இன்று நாம் பயன்படுத்துவது விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் குழுவின் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நூலகம்.

பூட்டை உடைக்கும் கருவிகளைத் தடுக்கும் அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ சட்டத்தை அஞ்சி உபுண்டுவும் ஃபெடோராவும் இதை நேரடியாகச் சேர்த்துத் தருவதில்லை. இந்தியாவில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது. 2 ஆண்டு வரை சிறை. சொந்த டிவிடியை வீட்டில் போட்டுப் பார்ப்பதும், நகலெடுத்து விற்பதும் ஒன்றல்ல.

நிறுவும் முறை, உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றுக்கும்:

1. சினாப்டிக் பொதி மேலாளரைத் திறந்து, லிப், டிவிடி என்று சேர்த்து எழுதி, சிறு கோடு போட்டு, பிகேஜி என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் தேடுங்கள். உபுண்டுவில் மல்டிவர்ஸ் களஞ்சியமும், டெபியனில் கான்ட்ரிப் களஞ்சியமும் இயக்கத்தில் இருந்தால்தான் கிடைக்கும்.

2. நிறுவும்போது ஒரு பெட்டி வந்து, மூல நிரலை வீடியோலேன் தளத்திலிருந்து இறக்கி இங்கேயே கட்டப்போகிறேன் என்று சொல்லும். சம்மதியுங்கள். நிறுவி முடித்த பின் அந்தப் பொதியை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையால் ஒரு முறை மறு அமைவு செய்யச் சொன்னால் அதையும் செய்துவிடுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல் 'போட்டேன், ஓடவில்லை' என்பார்கள்.

3. விஎல்சியில் மீடியா, ஓப்பன் டிஸ்க், டிவிடி என்று போய் பிளே அழுத்துங்கள். மெனுவில் மாட்டிக்கொண்டு நகரவில்லையென்றால் அங்கேயே இருக்கும் 'நோ டிஸ்க் மெனுஸ்' கட்டத்தில் டிக் போட்டு நேராகப் படத்துக்குப் போகலாம்.

ஆர்ச் லினக்ஸில் நூலகம் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. ஃபெடோராவுக்கு ஆர்பிஎம் ஃபியூஷனின் டெயின்டட் பிரிவைச் சேர்க்க வேண்டும்.

நூலகம் இல்லாமல் ஓட்டினால் திரையில் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கட்டம் கட்டமாகச் சிதறும், ஒலி கரகரக்கும். அதைப் பார்த்து டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நூலகம் இருந்தும் முதல் தடவை தாமதமாகத் தொடங்கினால், சாவியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். கண்டுபிடித்ததைச் சேமித்துவைத்து அடுத்த தடவை சீக்கிரம் தொடங்கும். விசிடிகளுக்கு இந்தப் பூட்டே கிடையாது, விஎல்சி மட்டும் போதும்.

மண்டலக் குறியீடுதான் மிச்சம், அதாவது டிஸ்க் எந்த நாடுகளில் ஓடலாம் என்று சொல்லும் எண். இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஐரோப்பா 2, அமெரிக்கா 1. தமிழ்ப் பட டிவிடிகள் பலவற்றில் எல்லா மண்டலமும் என்றே போட்டிருக்கும், தொல்லை இல்லை. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஆங்கிலப் படத்தில்தான் மாட்டும். லிப்டிவிடிசிஎஸ்எஸ் பெரும்பாலும் மண்டலத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டிவிடும். சில டிரைவ்கள் மட்டும் அடம்பிடிக்கும். அவற்றுக்கு ரீஜன்செட் என்ற சிறு நிரல் உண்டு. ஆனால் டிரைவின் மண்டலத்தை மொத்தம் 5 தடவைதான் மாற்றலாம். அதன் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நிரந்தரமாக நின்றுவிடும். லினக்ஸை மறுபடி நிறுவினாலும் எண்ணிக்கை திரும்பாது, அது டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வேறு டிரைவ் ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழியே இல்லாதபோது ரீஜன்செட்டைத் தொடுங்கள்.

புளூ-ரே

ஏஏசிஎஸ் என்ற பூட்டு, சிலவற்றில் அதற்கு மேல் பிடி பிளஸ் என்ற இன்னொரு பூட்டு, மெனுவுக்கு ஜாவா. லினக்ஸில் லிப்புளூரே, லிப்ஏஏசிஎஸ் என்று நூலகங்கள் இருந்தாலும் சாவிகளை அவை கூடவே கொண்டுவருவதில்லை. ஒவ்வொரு புது டிஸ்க்கும் புதுத் தலைவலி. அலமாரியில் நாலைந்து புளூ-ரே இருக்கிறது என்பதற்காக இதில் இறங்க வேண்டாம். பழைய புளூ-ரே பிளேயர் ஒன்றோ, புளூ-ரே டிஸ்க் போடும் பிளேஸ்டேஷனோ கைமாற்று விலைக்குக் கிடைத்தால் வாங்கி டிவியில் சொருகிவிடுங்கள்.